சும்மா இருந்தவளின் கை

கம்பவுண்டர் வேலையில் மருந்து கலக்குவது சுலபம். டாக்டர் இல்லாத நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் கஷ்டம். மிக்ஸ்சர் பாட்டிலில் அளவுக் காகிதம் வெட்டி ஒட்டிய என் சகாக்களுக்கு இது தெரியும். ஐம்பதுகளின் கடைசியில் நாமக்கல்லில் ஒரு டாக்டரிடம் இருந்தேன். கை மரத்துப் போகிறது என்று வருகிறவர்களிடம் என்ன வேலை என்று கேட்டு நோட்டில் எழுதுவது என் பொறுப்பு.

அஞ்சு விரல்

லாரி டிரைவர் ஒருவருக்குச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப் போயின. ஸ்டியரிங் பிடித்து மணிக்கட்டு நொந்திருக்கும் என்று நானே முடிவு கட்டி, தைலம் தேய்த்து இறுக்கமாகக் கட்டுப் போட்டேன். மறுநாள் டாக்டர் அவரை உட்காரவைத்து, வண்டி ஓட்டுவதுபோல் செய்துகாட்டச் சொன்னார். மனிதர் வலது முழங்கையை மேஜை விளிம்பில் அழுத்தி ஊன்றினார். லாரிக் கதவின்மேல் நாளெல்லாம் அப்படித்தானாம்! நரம்பு நசுங்கியது முழங்கையில், நான் கட்டியது மணிக்கட்டில். டாக்டர் என்னைப் பார்த்தார்; நான் மருந்து அலமாரியைப் பார்த்தேன். டிரைவர் சொன்னார்: "முன்ன ரெண்டு வெரல்தானுங்க மரத்துது. நீங்க கட்டுன பொறவு அஞ்சும் மரத்துப் போச்சுங்க."

என்ன வேலை?

அதோடு புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. டாக்டர் சேலம் போயிருந்த ஒரு நாள், மோகனூர்ப் பக்கமிருந்து ஒரு பெண் கைக்குழந்தையும் புருஷனுமாக வந்தாள். வலது கை மதமதவென்றிருக்கிறதாம். வேலை என்ன என்றேன். "ஊட்ல சும்மாதானுங்க இருக்கறேன்" என்றாள். வேலை: இல்லை என்று எழுதினேன். வேலையே இல்லாத கை எதற்கு மரக்க வேண்டும்? கட்டைவிரலில் ஊசியால் குத்தினேன். அவள் முகம் சுளிக்கவில்லை. குஷ்டம் வந்தால்தான் இப்படி உணர்ச்சி போகும் என்று எங்கோ கேட்டிருந்தேன். பெரிய டாக்டரைப்போல, "பெருநோயாக இருந்தாலும் இருக்கும்" என்றேன் புருஷனிடம். அவர் சட்டென்று குழந்தையை வாங்கிக்கொண்டார். அவள் என்னிடம்தான் கேட்டாள்: "அப்பக் கொழந்தையத் தொடக்கூடாதுங்களா?"

ஆறு எருமை

நான்கு நாள் கழித்து வந்தார்கள். அவள் பெஞ்சில் உட்காராமல் வேப்பமரத்தடியில் நின்றாள். கையில் தனி டம்ளர். வீட்டில் தட்டும் தனியாம். குழந்தை அவளைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. டாக்டர் தோலையும் நரம்பையும் பொறுமையாகச் சோதித்துவிட்டு, "காலையில எந்திரிச்சதும் என்னம்மா செய்வே?" என்றார். ஆறு எருமை கறப்பாள், தயிர் கடைவாள், கிணற்றில் தண்ணீர் சேந்துவாள், மாவாட்டுவாள், பொழுது சாய மறுபடி ஆறு எருமை. கறப்பதைக் காட்டச் சொன்னார். கட்டைவிரலை உள்ளே மடக்கி, மணிக்கட்டை முறுக்கி அழுத்தினாள். "பெருநோயுமில்லை, ஒண்ணுமில்லை. கறந்து கறந்து நரம்பு நொந்திருக்கு. ஒரு மாசம் நீ கறந்துக்கப்பா" என்றார் புருஷனிடம்.

குழந்தை அவள் இடுப்புக்குத் தாவியது. எனக்கு நாக்குக் கூசியது. தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று முணுமுணுத்தேன். அவள் என்னைத் திட்டியிருக்கலாம். சொன்னது இதுதான்: "உங்க தப்பில்லீங்க சாமி. நாந்தான் சும்மா இருக்கறேன்னு சொல்லிப்போட்டனுங்க."

அந்த ஆஸ்பத்திரியில் உண்மையிலேயே சும்மா இருந்திருக்க வேண்டியவன் ஒருவன்தான், அவன் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான்.