படலையைப் பிடித்துக்கொண்டு நின்றவர்

உறைந்த தேங்காய்ப்பூப் பைக்கற்றை வெட்டிச் சுடுநீரில் போடும்போது ஒரு மணம் எழும். எழுந்ததும் லண்டன் கோலியர்ஸ் வுட்டில் இருக்கும் என் சமையலறை காணாமல் போய்விடும். கடலோர மேட்டில், மஞ்சள் பூத்த முட்பற்றைகளுக்கு நடுவே காற்றில் நின்றுகொண்டிருப்பேன்.

போன ஆண்டு மே மாதம். நானும் கணவரும் மூன்று நாள் விடுமுறைக்கு இங்கிலாந்தின் தென்கரையில் ஒரு சிறிய ஊருக்குப் போயிருந்தோம். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. மறதி நோய் வந்து நான்கு வருடம். விட்டு எவ்வளவோ காலமான விமான நிலைய வேலைக்கு ஷிப்ட் என்று புறப்பட்டு, இரண்டு தடவை அந்த விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹவுன்ஸ்லோவில் போய் நின்றார். அடுப்பை மூட்டிவிட்டுப் படுக்கப் போனார். கடைசியில் கவுன்சிலில் இருந்து கடிதம் வந்தது. பராமரிப்பு இல்லம் ஒன்றில் இடம் இருக்கிறது, அடுத்த திங்கட்கிழமை கொண்டுவந்து விடலாம் என்று. நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை. மனம் தெளிந்திருக்கும் ஒரு பொழுதில் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், அவர் ‘சரி’ என்று ஒரு சொல் சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லை வாங்கத்தான் அவரைக் கடலுக்குக் கூட்டிப்போனேன்.

சனிக்கிழமை காலை மேட்டுப் பாதையில் நடந்தோம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் செம்மறிகள் மேயும் வெளி. அவர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் போனார்.

“இஞ்சேரும், இந்தப் பத்தைக்குள்ளை ஆர் தேங்காய் திருவுறது?” என்றார்.

அந்த மஞ்சள் பூவுக்குத் தேங்காய் மணம். முப்பது வருடம் இந்த நாட்டில் இருந்தும் எனக்குத் தெரியாது.

“ஆரோ வெள்ளைக்காரி சம்பல் இடிக்கிறாளாக்கும்” என்றேன்.

சிரித்தார். பழைய சிரிப்பு. இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். இந்த ஏற்றம் முடியட்டும், அந்தச் செம்மறிகளைத் தாண்டட்டும் என்று தள்ளித் தள்ளி இரண்டு மைல் வந்துவிட்டோம். சந்தோஷமாக நடந்தோம் என்பதுதான் இப்போது தாங்க முடியாதது.

வேலியில் ஒரு மரப்படலை. ஒரு நேரத்தில் ஒருவர்தான் நுழையலாம். அவர் முதலில் போய், மறுபுறம் நின்று, எனக்காகப் படலையைப் பிடித்துக்கொண்டார். இதுதான் நேரம் என்று வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்து மரியாதையாகப் புன்னகைத்தார்.

“தமிழோ? நீங்கள் ஊரிலை எவ்விடம்?”

லண்டன் பஸ்ஸிலும் கோயில் வரிசையிலும் முன்பின் தெரியாதவர்களிடம் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி. இருபத்தேழு வருடம் கூட வாழ்ந்தவளிடம் கேட்டார். விளையாடுகிறாரோ என்று முகத்தைத் தேடினேன். அந்த முகத்தில் அன்பு இருந்தது, நான் இல்லை.

“கரவெட்டி” என்றேன்.

“அட, என்ர மனிசியும் கரவெட்டிதான். கண்டாவெண்டால் உங்களை விடமாட்டா. தனியவோ வந்தனீங்கள்?”

“ஓம்.”

அதற்குமேல் அழுகை வந்துவிட்டது. அவர் ஏன் என்று கேட்கவில்லை. என்னைப் புல்லில் இருத்தி, பையைத் திறந்து, காலையில் நான் சுற்றிவைத்த மீன் ரோல்ஸில் ஒன்றை எடுத்துத் தந்தார்.

“சாப்பிடுங்கோ. மனிசி செய்தது. கொஞ்சம் உறைப்புக் கூட. அவவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ.”

என் கையால் செய்ததை விருந்தாளியாக இருந்து தின்றேன். திங்கட்கிழமையை இனி யாரிடம் சொல்வது? வழியில் கண்ட ஒருத்திக்கு அவர் எப்படிச் சம்மதம் தருவார்?

பிறகு என்னைப் பஸ் தரிப்பிடம்வரை கூட்டிவந்தார். சரிவில் கல் கிடந்த இடமெல்லாம் முன்னே நின்று காட்டித்தந்தார். பஸ் வந்தது. என்னை ஏற்றிவிட்டுத் தான் கீழேயே நின்றார். நான் கையை நீட்டிக் கூப்பிட்டேன். தலையை ஆட்டி மறுத்தார்.

நான் இறங்கிவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து வந்த பஸ்ஸில், ஏன் நின்றோம் என்பதையே மறந்தவர்போல என்னோடு ஏறினார். திங்கட்கிழமை கொண்டுபோய் விட்டேன். அந்தச் ‘சரி’ எனக்குக் கிடைக்கவே இல்லை. ஞாயிறுதோறும் ரோல்ஸ் கொண்டுபோகிறேன், நன்றி சொல்லி வாங்கிக்கொள்கிறார்.

முன்பின் தெரியாதவர் காட்டிய இரக்கத்தைப் பற்றிப் பலர் எழுதி வாசித்திருக்கிறேன். எனக்கு அதைக் காட்டியவர் என் கணவர். நாங்கள் பிரிந்தது அந்த இல்லத்தின் வாசலில் அல்ல, அந்தப் பஸ் படியில். டிரைவர் பொறுமையாகக் காத்திருக்க, கீழே நின்றபடி அவர் சொன்னார்:

“நீங்கள் போங்கோ, தங்கச்சி. என்ர மனிசி இன்னும் மேட்டிலைதான் நிக்கிறா. அவவை விட்டிட்டு நான் வரேலாது.”