இதோ வரேன் சிஸ்டர்

என் தங்கைக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் உடனே மாட்டிக்கொள்வாள். அப்படி அவள் சொன்ன ஒரு பொய்யால் நானும் கொஞ்ச நேரம் நர்ஸாக இருந்திருக்கிறேன், என்னை ஒரு வார்த்தை கேட்காமலே.

நான் தையல்காரி. எனக்குத் தெரிந்த ஊசி தையல் மெஷினில் இருப்பதுதான். தங்கைதான் நர்ஸ், அரசு மனநல மருத்துவமனையில், பெண்கள் வார்டில். கல்யாணம் இரண்டு பேருக்குமே ஒத்துவரவில்லை, அதனால் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவள் வார்டில் நாற்பது கட்டில்கள். ஒரு நேரத்துக்கு ஒரு நர்ஸ், ஒரு ஆயா. மாத்திரை கொடுக்க வேண்டும், விழுங்கினார்களா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும், குளிக்கவே மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நிற்பவர்களிடம் கெஞ்சிக் கூத்தாட வேண்டும். நடுவில் யாராவது "சிஸ்டர், ஒரு விஷயம்" என்று கூப்பிடுவார்கள். "இதோ வரேன்" என்று சொல்லிவிட்டு ஓடுவாள். அந்த 'இதோ' டூட்டி முடிகிறவரை வராது. அதனால் வார்டில் அவளுக்கு 'இதோ வரேன் சிஸ்டர்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வைத்தவர்களுக்குப் புத்தி சரியில்லை என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பெண்மணி. முன்பு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர் என்பதால் எல்லாருக்கும் அவர் டீச்சர். வந்ததிலிருந்து யாரிடமும் பேசாதவர் திடீரென்று ஒருநாள் தங்கையைக் கூப்பிட்டிருக்கிறார். அன்றைக்குப் பார்த்து வேலை தலைக்கு மேல். மறுநாளும் அப்படியே.

"இன்னைக்கும் டீச்சர் கூப்பிட்டாங்கக்கா. இன்னைக்கும் போக முடியல" என்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள். "எங்க வேலையில பாதி மருந்து காது குடுத்துக் கேக்கறதுதான். அதக் குடுக்கத்தான் ஆளில்ல."

பத்து நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்று விதி இருக்கிறது. அது நடக்கிறதா என்று பார்க்க வருடத்துக்கு ஒரு முறை அதிகாரிகளும் வருகிறார்கள். அதற்கு ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் ஒரு வழி வைத்திருந்தார். அதிகாரிகள் ஆண்கள் வார்டைப் பார்க்கும்போது எல்லா நர்ஸும் ஆண்கள் வார்டில் நிற்பார்கள். பார்த்து முடித்ததும் அவர் டீ வரவழைப்பார். அவர்கள் டீ குடித்து எழுந்திருப்பதற்குள் நர்ஸுகள் சமையலறைப் பக்கமாக ஓடி அடுத்த வார்டில் போய் நிற்க வேண்டும். முதலில் கேட்டபோது நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். யோசிக்க யோசிக்க எரிச்சல்தான் வந்தது.

அந்த வருடம் வந்தது ஒரு அம்மா. அதிகம் பேசாதவர். டீயும் குடிக்காதவர். அங்கேதான் கணக்குத் தப்பிவிட்டது. ஓடி வந்த நர்ஸுகளில் தங்கை மட்டும்தான் நேரத்துக்குப் பெண்கள் வார்டுக்கு வந்து சேர்ந்தாள், அதுவும் மூச்சிரைக்க.

"உங்கள இப்பதானே ஆண்கள் வார்டுல பாத்தேன்?"

"அது எங்க அக்கா மேடம்."

"அக்காவும் நர்ஸா?"

"அவளும் ஊசி வேலைதான் மேடம்."

பொய்யிலும் கொஞ்சம் உண்மை கலக்காவிட்டால் அவளுக்கு ஆகாது. அந்த அம்மா சிரிக்கவில்லை. "அவங்கள வரச் சொல்லுங்க" என்றார்.

பல்லிடுக்கில் குண்டூசிகளோடு ஒரு சட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது.

"அக்கா, வெள்ளையா ஏதாவது போட்டுட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு வா. நீ நர்ஸு. யாராவது கேட்டா ஆமான்னு சொல்லு, போதும்."

விஷயத்தைக் கேட்டதும் குண்டூசிகளைத் துப்பினேன். "எனக்கு பித்தான் தைக்கத்தான் தெரியும். உண்மையச் சொல்லித் தொலைடி."

"சொன்னா வார்ட மூடிருவாங்க. இவங்கள எங்கயோ தூரத்துல கொண்டுபோய் விடுவாங்க. அங்க பாக்கறதுக்கு வீட்டாளுங்க ஒருத்தரும் வர மாட்டாங்க. டீச்சர் இப்பதான் வாயத் தொறந்திருக்காங்கக்கா."

"அதுக்காக எத்தனை வருஷம் நீ ஒருத்தியே நாலு பேரா இருப்ப?" என்று கேட்டேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

திரும்பிப் போய், "ரெண்டு எடத்துலயும் நான்தான் மேடம். இந்த வார்டுக்கு நான் ஒருத்திதான்" என்று சொல்லிவிட்டாள்.

அந்த அம்மா அவளையும் கூட்டிக்கொண்டு கண்காணிப்பாளர் அறைக்குப் போனார். "ஆள் பத்தலைன்னா மேல கேக்க வேண்டியதுதானே?" என்று அவரைக் கேட்டார்.

"கேக்காம இருப்பேனா மேடம்? வருஷா வருஷம் கேக்கறேன். இருக்கற ஆளே போதும்னு பதில் வருது."

"வராம என்ன செய்யும்? வருஷா வருஷம் எங்க அறிக்கையில ஆள் போதும்னுதானே இருக்கு."

கண்காணிப்பாளர் முகத்தில் ஈயாடவில்லையாம். பாவம், கெட்டவர் இல்லை. ஆஸ்பத்திரியைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருந்தார்.

புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது, மூன்று மாதத்துக்குள் ஆள் போடாவிட்டால் வார்டை மூட வேண்டும் என்று உத்தரவு வந்தது. தங்கைக்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோவும் வந்தது. நடு வார்டில் ஆயா அவளைத் திட்டினாள். "நீ வாய மூடிட்டு இருந்திருந்தா இவங்க பாட்டுக்கு இங்க இருந்திருப்பாங்க." தங்கை வீட்டுக்கு வந்து அதையே சொல்லிச் சொல்லி அழுதாள். நான் தைரியம் சொன்னேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கும் பயம்தான். உண்மையைச் சொல்லச் சொன்னவள் நானாயிற்றே.

அறிக்கை மேலே போனது. இத்தனை வருடமாகக் கண்காணிப்பாளரின் கெஞ்சலுக்கு அசையாதவர்கள், ஆள் இல்லை என்று அவர்களுடைய ஆய்விலேயே எழுதி வந்ததும் அசைந்தார்கள். கெடு முடியும் முன்பே புது நர்ஸுகள் வந்து சேர்ந்தார்கள். இப்போது பெண்கள் வார்டில் ஒரு நேரத்துக்கு மூன்று பேர். நாலாவது இடம் இன்னும் காலிதான், அதையும் அந்த அம்மா விடுவதாக இல்லை. மெமோவைக் கண்காணிப்பாளரே திரும்ப வாங்கிக்கொண்டார். "ஓடச் சொன்னது நான். இது எனக்கு வரவேண்டியதும்மா" என்றாராம். கேட்டதும் எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

புது ஆட்கள் வந்த முதல் நாள். மாத்திரையை ஒருத்தி பார்த்துக்கொண்டாள், குளியலை இன்னொருத்தி. டீச்சர் வழக்கம்போல "சிஸ்டர், ஒரு விஷயம்" என்று கூப்பிட்டார். தங்கை ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

டீச்சர் பதறிப்போய்விட்டார். இத்தனை நாளில் அவள் உட்கார்ந்து அவர் பார்த்ததே இல்லை.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டு அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்திருக்கிறார். கழுத்தையும் தொட்டுப் பார்த்திருக்கிறார். சுடவில்லை என்று நிச்சயமான பிறகுதான் தன் விஷயத்தைச் சொல்லவே ஆரம்பித்தாராம்.