பெரியாஸ்பத்திரி பாய்

ஆட்டோவை வேப்பமரத்தடியில் ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார் நாசர். பின்சீட்டில் சாமிக்கண்ணு, சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவர், பாவம், ஏதோ தனியார் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லிவிட்டார்.

"கடலூர் பெரியாஸ்பத்திரி என்னாத்துக்குக் கட்டி வச்சிருக்குது? நம்ம வரியில நடக்குதுய்யா. உரிமையாப் போயி நில்லு!"

நெய்வேலி ஆட்டோ ஸ்டாண்டில் நாசருக்குப் 'பெரியாஸ்பத்திரி பாய்' என்றே பெயர். எந்த மாடியில் எலும்பு டாக்டர், எந்த வாசலில் ஸ்கேன், எல்லாம் அத்துப்படி. வரிசை நீளம் என்று யாராவது முனகினால் போச்சு. "சினிமாவுக்கு நிக்கிற இல்ல?" என்று வாயை அடைத்துவிடுவார். கிண்டலாக வைத்த பெயர்தான். ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் மனிதருக்குச் சட்டைக் காலர் தானாக நிமிரும்.

போன மாதம் அவர் மனைவி சித்தீகாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்றார்கள். ஆபரேஷன் செய்தே தீரவேண்டும். சென்னையிலிருந்து மகன் பரீத் போன் செய்தான். "அத்தா, எங்க கம்பெனி இன்சூரன்ஸ்ல அம்மா பேரும் இருக்கு. பிரைவேட்ல ஏசி ரூமே கிடைக்கும். பிடிவாதம் பிடிக்காதீங்க."

ஊரெல்லாம் அடித்துப் பேசியவர் அன்று தடுமாறிப்போனார். பயம்தான், வேறென்ன!

"அவன் சொல்ற எடத்துக்கே போயிடலாமா, புள்ள?"

சித்தீகா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஊர்ல இருக்கவங்க பொண்டாட்டியெல்லாம் அங்கதான ஏத்திக்கினு போனீங்க? உங்க பொண்டாட்டின்னா மட்டும் கை நடுங்குதா? வண்டிய எடுங்க."

எடுத்தார். ஆபரேஷன் முடியும்வரை வராந்தாவில் சுவரோடு சுவராக நின்றார். கட்டியை எடுத்தாயிற்று, பயமில்லை என்று டாக்டரம்மா வந்து சொன்ன பிறகுதான் சுவரை விட்டு நகர்ந்தார். இரண்டு நாள் கழித்து மகனுக்குப் போன் போட்டார் பாருங்கள், வார்டே திரும்பிப் பார்த்தது. "ரெண்டு வேளையும் டாக்டரம்மா வந்து பாக்குறாங்கடா! உங்கம்மா எழுந்து நடந்துகினு இருக்கா!"

வீட்டுக்கு அனுப்பும்போது, தையல் ஆறும்வரை குனியக் கூடாது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வார்டு வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, காலாலேயே செருப்பைத் தேடினார் சித்தீகா. அத்தனை கூட்டத்துக்கு நடுவில் நாசர் சட்டென்று தரையில் குந்தி, மனைவியின் காலைப் பிடித்தார்.

"எல்லாரும் பாக்குறாங்க. எழுந்திரிங்க."

"பாக்கட்டும்," என்று அடுத்த காலுக்கும் செருப்பை மாட்டினார் நாசர்.