நெருப்பில்லாத சிகரெட்

கோலாலம்பூரில் வேலை பார்க்கும் என் மகள் ஒரு மின்சார சிகரெட் அனுப்பிவைத்தாள். இரண்டாயிரத்து ஒன்பதோ பத்தோ, சரியாக நினைவில்லை. இழுத்தால் நுனியில் சிவப்பு விளக்கு எரியும், வாயிலிருந்து வெள்ளையாகப் புகை வரும், வாடை இருக்காது. "சுருட்டைத் தலைமுழுகிடுங்க வாப்பா, அப்பத்தான் இருமல் நிக்கும்" என்று தொலைபேசியில் கெஞ்சினாள். பெற்ற மகள் கெஞ்சும்போது என்ன செய்ய? தலைமுழுகினேன். யாங்கோனில் மின்சாரம் எப்போது வரும் என்று காத்திருந்து அந்தச் சனியனுக்குச் சார்ஜ் ஏற்றுவது என் தினசரி வேலையாயிற்று.

அதற்குக் கிடைத்த மரியாதையை நான் எதிர்பார்க்கவில்லை. பேருந்தில் புகை விட்டேன், நடத்துநர் வேடிக்கை பார்த்தாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் தன் கணவனிடம் என்னைக் காட்டி, "பாத்துக் கத்துக்க" என்றாள். க்யிம்யிண்டைங் படகுத்துறையில் நான் வழக்கமாக உட்காரும் டீக்கடையின் முதலாளியம்மா, "ஊலே, இது இழுப்புக்கு டாக்டர் கொடுத்த மருந்தா?" என்று பரிவோடு விசாரித்தாள். ஊலே என்றால் இங்கே மாமா மாதிரி. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஒருவரும் என் மேசைக்கு வரவும் இல்லை.

முன்பெல்லாம் வருவார்கள். பச்சை இலையில் சுற்றிய பர்மாச் சுருட்டு, இழுக்காமல் வைத்தால் அணைந்துபோகும். சுருட்டு அணைந்துபோனவர் அடுத்த மேசைக்காரரிடம் "மீ" என்று கேட்பார், நெருப்பு என்று அர்த்தம். நம் வாயிலிருக்கும் சுருட்டை நீட்டினால் நுனியோடு நுனி வைத்து இழுத்துக்கொள்வார். வாங்கிய கையோடு போய்விடுவது இங்கே அழகில்லை. ஆற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறதா, மீன் என்ன விலை என்று நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவார். மனைவி மௌத்தான பிறகு ஒரு நாளில் எனக்கு வாய்த்த பேச்சு அந்த நாலு வார்த்தைதான். அவள் இருந்தபோது, சுருட்டுப் பொறி விழுந்து ஓட்டையான என் கைலிகளைத் திட்டிக்கொண்டே தைப்பாள். இப்போது என் கைலிகளில் ஓட்டையே விழுவதில்லை. மடித்து வைக்கும்போது எனக்கு எரிச்சலாக வரும்.

ஒரு மாலை, கருவாடு விற்கும் பர்மியக் கிழவர் ஒருவர் என் சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்து நேராக வந்தார். அணைந்த சுருட்டை வாயில் வைத்துக் குனிந்து, என் சிகரெட்டின் நுனியில் ஒட்டி இழுத்தார். கன்னம் ஒட்டிப்போகும்வரை இழுத்தார். பற்றுமா?

"இதுல நெருப்பு கிடையாது" என்றேன்.

அவர் நுனியை விரலால் தொட்டுப் பார்த்தார். "நெருப்பில்லாமலா இவ்வளவு புகை விட்டீங்க?" என்றார். பிறகு அடுத்த மேசையில் நெருப்பு வாங்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அவர்கள் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த மனுஷன்மேல் ஆத்திரம் வந்தது, கண்ணும் கலங்கியது.

மறுநாள் ஒரு தீப்பெட்டி வாங்கினேன். புகைப்பதற்கு இல்லை. டீக்கோப்பைக்குப் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கிழவர் வந்தார். தீப்பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மீ" என்றார். நானே குச்சியை உரசி நீட்டினேன். ஆற்றுக்காற்று பலமாக அடித்தது. சுடர் அணையாமலிருக்க, அவர் தன் இரண்டு கைகளாலும் என் கையைப் பொத்திப் பிடித்துக்கொண்டு குனிந்தார். கருவாட்டு வாடையடிக்கும் சொரசொரப்பான கைகள். மனைவி போன பிறகு என் கையை யாரும் பிடித்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சுருட்டு பற்றிக்கொண்டது. குச்சி விரலைச் சுடும்வரை நான் கையை எடுக்கவில்லை.