பஸ்ஸில் போய்வந்த தென்துருவம்

எங்கள் வீட்டில் தென்துருவத்தில் வேலை செய்கிறவர் ஒருவர் இருந்தார். அவர் என் மாமா, அம்மாவின் கடைசித் தம்பி. இங்கிலீஷ்காரர் நாட்டில், செவன் கிங்ஸ் என்ற ஊரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னறை அவருடையது. விடியுமுன் எழும்பிச் சிவப்பு பஸ்ஸில் போவார். நான் பள்ளிக்கூடத்தால் வரும்போது திரும்பியிருப்பார். தென்துருவத்துக்கு பஸ்ஸில் போய் அன்றைக்கே திரும்பிவர ஏலுமா என்று எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. ஏழு வயதில் ஆர்ச்வே முருகன் கோயில்தான் எனக்கு உலகத்திலேயே தூரமான இடம், ஏனென்றால் அதற்கு ரயில் மாறி மாறிப் போகவேண்டும்.

ஆதாரங்களும் இருந்தன. தலையணை மாதிரித் தடித்த நீலக் கோட்டு ஒன்றை மாமா பையில் திணித்துக்கொண்டு வருவார். வெயில் கொளுத்துகிற நாளிலும் அவருடைய விரல் நுனிகள் வெளிறிப்போய் இருக்கும். அம்மா கொடுக்கிற தேத்தண்ணியைக் குடிக்காமல் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப்பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் சும்மா இருப்பார்.

அவர் வேலை செய்தது மீன் வைக்கிற பெரிய குளிர்க்கிடங்கு ஒன்றில். அது எனக்கு அப்போது தெரியாது. மாமா எங்கே வேலை செய்கிறார் என்று வெளியில் ஒருவரிடமும் சொல்லக்கூடாது என்ற அம்மாவின் கட்டளைதான் தெரியும். கதவைத் தட்டுகிறவர்கள் கேட்டாலும் சொல்லக்கூடாது, சிநேகிதிகள் கேட்டாலும் சொல்லக்கூடாது. நானோ வாய் சும்மா இருக்காத பிள்ளை. அதை நன்றாக அறிந்த மாமாதான் எனக்கொரு வழி செய்து தந்தார்.

“சொல்லாமல் இருக்க ஏலாட்டி, மாமா தென்துருவத்திலை வேலை எண்டு சொல்லு பிள்ளை. ஒருத்தரும் அங்கை வந்து தேடமாட்டினம்.”

அன்றைக்குப் பிடித்தது அவருக்குச் சனி. கடலே உறைந்துபோகிற குளிரில் மீன் மட்டும் எப்படி உறையாமல் இருக்கிறது என்று கேட்டேன். மாமா தேத்தண்ணியைப் பார்த்து யோசித்தார். நாளைக்கு அங்கே விசாரித்துக்கொண்டு வருவதாகச் சொன்னார். சொன்னபடியே மறுநாள் விடை வந்தது. அந்த மீன்களின் இரத்தத்தில் ஏதோ ஒரு சத்து இருக்கிறதாம். உள்ளே ஊசி முனையளவு ஐஸ் பிடித்தாலும் அது ஓடிப்போய் ஒட்டிக்கொண்டு வளரவிடாதாம். இன்னொரு மீனுக்கு இரத்தம் சிவப்பே இல்லையாம், தண்ணீர் நிறமாம். நான் முழங்கால் பொருக்கைப் பிய்த்துப் பார்த்து, என்னுடையது சிவப்புத்தான் என்று கண்டு மனம் உடைந்துபோனேன்.

அதற்குப் பிறகு எனக்குத் தினமும் ஒரு கேள்வி, அவருக்குத் தினமும் ஒரு தவணை. ஐஸுக்கு அடிப்பக்கம் எப்படி இருக்கும்? பச்சையாகப் பாசி படிந்திருக்குமாம். அதைக் கிறில் என்ற சின்னச் சீவன்கள் கூரையில் நடக்கிற பல்லி மாதிரித் தலைகீழாக நின்று மேயுமாம். “கிறில் எண்டா எங்கடை கூனி இறாலுக்கு ஒண்டுவிட்ட அண்ணை மாதிரி” என்றார் மாமா. பென்குயினுக்கும் அதுதான் சாப்பாடு, சீலுக்கும் அதுதான், மலை மாதிரித் திமிங்கிலத்துக்கும் அதுதான். திமிங்கிலம் தின்றுவிட்டுக் கழிப்பது கடலுக்கு உரமாகிப் பாசி வளரும், அந்தப் பாசியைத் திரும்பவும் கிறில் தின்னும்.

“அப்ப கிறில் திமிங்கிலத்தின்ரை கக்காவைத் தின்னுதோ?” என்று நான் கேட்க, சோறு போடுகிற நேரத்தில் இது என்ன கதை என்று குசினிக்குள்ளிருந்து அம்மா சத்தம் போட்டார்.

இரண்டு கிழமைக்கு ஒருக்கால் மாமா தென்துருவத்துக்குப் போகமாட்டார். அன்றைக்கு மட்டும் வெள்ளைச் சட்டையை மினுக்கிப் போட்டுக்கொண்டு, கையெழுத்து வைக்க என்று எங்கேயோ போவார். அவர் திரும்பி வரும்வரை அம்மா பச்சைத் தண்ணீர் பல்லில் படவிடமாட்டார். உறைந்த கடலுக்குப் போகிறவரைப் பற்றிப் பயப்படாத அம்மா, கையெழுத்து வைக்கப் போகிறவருக்காக ஏன் இப்படிக் கிடந்து தவிக்கிறார் என்பது எனக்குப் பெரிய புதிராக இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் வகுப்பில் துருவக் கடல்கள் பற்றிப் பாடம் வந்தது. என்னைப் பிடிக்க ஏலுமா? மிஸ் ஒரு கேள்வி கேட்டு முடிக்குமுன் நான் மூன்று விடை சொன்னேன். இரத்தம் சிவக்காத மீனைப் பற்றிச் சொன்னதும் மிஸ்ஸே கண்ணை விரித்தார். அந்தச் சந்தோஷப் புழுகத்தில், மாமா அங்கேதான் வேலை செய்கிறார் என்று சொல்லிவிட்டேன். பின்வரிசைப் பெடியன் ஒருவன், அவர் எப்போது திரும்பி வருவார் என்று கேட்டான். நாலு மணிக்கு என்றேன். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. பொய்க்காரி என்று அவன் தொடங்க, எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். நான் அழுத அழுகையைப் பார்த்து மிஸ், மாமாவுக்கு வசதி என்றால் வெள்ளிக்கிழமை வந்து வகுப்பில் பேசலாம் என்று ஒரு கடிதம் எழுதித் தந்தார்.

கடிதத்தை வாசித்த அம்மாவுக்கு முகம் கறுத்துவிட்டது. “உன்ரை வாய்க்குப் பூட்டுத்தான் போடவேணும்” என்று எனக்குச் சொல்லிவிட்டு மாமாவிடம் திரும்பினார்.

“நீ போகக்கூடாது. வேலை செய்ய அனுமதி இல்லாத ஆள் வேலை செய்யுது எண்டு ஆராவது ஒரு வார்த்தை எழுதிப் போட்டா காணும். அகதிக் கேஸும் போய், உன்னை ஏத்தி அனுப்பிப் போடுவாங்கள்.”

எங்கே ஏற்றி அனுப்புவார்கள் என்று நான் கேட்கவில்லை. வேலை செய்கிற இடத்துக்குத்தானே, அதற்கு ஏன் இவ்வளவு கலவரம் என்று நினைத்தேன்.

மாமா கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, வகுப்பில் என்ன சொல்லிப் பழித்தார்கள் என்று கேட்டார். சொன்னேன். “நான் வெள்ளிக்கிழமை வாறன்” என்றார்.

வந்தார். கையெழுத்து வைக்கப் போகிற அதே வெள்ளைச் சட்டை. கையில் பழைய ஐஸ்கிறீம் டப்பா ஒன்று. பள்ளிக்கூட வாசலில் வருகிறவர்கள் எழுதுகிற புத்தகத்தை நீட்டினார்கள். பெயரை எழுதினார். எங்கிருந்து வருகிறீர்கள் என்ற கட்டத்துக்கு மேலே பேனா அப்படியே நின்றது. தென்துருவம் என்று எழுதுங்கள் என்று நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். மாமா செவன் கிங்ஸ் என்று எழுதினார்.

டப்பாவைத் திறந்ததும் வகுப்பே மேசையைச் சுற்றி வந்துவிட்டது. உள்ளே ஐஸ் கட்டிக்குள் கிறில். சின்ன விரல் நீளம், இளஞ்சிவப்பு உடம்பு, கறுப்பு மிளகு மாதிரிக் கண். வளர்ப்பு மீன்களுக்கு இரையாக விற்கிற பெட்டி ஒன்று கிழிந்து வந்ததாம். ஐஸ் உருக உருக ஒவ்வொன்றாக எடுத்துப் பிள்ளைகளின் உள்ளங்கையில் வைத்தார். பின்வரிசைப் பெடியனின் கையிலும் வைத்தார். நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் மாமா, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், நிறுத்தி நிறுத்திச் சொன்னார். தான் தென்துருவத்தைக் கண்டதே இல்லை. அந்தக் கடலிலிருந்து வருகிற மீன் பெட்டிகளை அடுக்குகிற குளிர்க்கிடங்கில்தான் வேலை. வேலை முடிந்து நூல்நிலையத்துக்குப் போய், அகராதியை வைத்துக்கொண்டு பிள்ளைகளின் புத்தகங்களை வாசித்துத்தான் எல்லாம் அறிந்துகொண்டது. “இந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை. நான் சொன்னதை நம்பினாள். பொய் சொன்னது நான்” என்றார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அவர்களுக்குக் கையில் இருந்த கிறில்தான் பெரிதாக இருந்தது. இதற்கு எத்தனை கால், இருட்டில் மினுங்குமா என்று கேள்வி மேல் கேள்வி. மாமா எல்லாவற்றுக்கும் விடை வைத்திருந்தார். கடைசியில் ஒரு சிறுமி, தென்துருவம் யாருடைய நாடு என்று கேட்டாள். அது ஒருவருடைய நாடும் இல்லை என்றார் மாமா. அங்கே போனால் நீ ஏன் வந்தாய் என்று கேட்க ஆளில்லை, பென்குயின் மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போகும் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது.

வீட்டுக்கு வரும்போது நான் பத்தடி முன்னால் நடந்தேன். என் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு மாமா பின்னால் வந்தார்.

“கோவமோ பிள்ளை?”

“நீங்கள் பொய்க்காரன்” என்றேன்.

“ஓம்” என்றார்.

திங்கட்கிழமை மாமா வேலைக்குப் போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை. நீலக் கோட்டு மாடிப்படிக்குக் கீழே போய்விட்டது. திரைச்சேலையை மூடிய முன்னறையில் இருந்துகொண்டு, வாசல் மணி அடிக்கிற நேரமெல்லாம் எழும்பி நின்றார். நல்ல கடிதம் ஒன்று வந்து அவர் அந்த அறையை விட்டு வெளியே வர மாதக்கணக்காயிற்று.

எனக்குக் காரணம் தெளிவாகத் தெரிந்திருந்தது. வகுப்பிலும் பொய் சொல்கிற பிள்ளையை மிஸ் வெளியேதான் நிறுத்துவார். ஒருநாள் பின்னேரம், பாவம் பார்த்து, அவருக்குப் பக்கத்தில் போய் இருந்தேன்.

“பொய் சொன்னதுக்குத்தானே மாமா உங்களை வேலையாலை நிப்பாட்டினவை?”

மாமா என் தலையைத் தடவினார். “ஓம் பிள்ளை, அதுக்குத்தான்” என்றார்.

நானும் பெரிய மனசு பண்ணி அவரை மன்னித்தேன்.