உள்ளங்கையில் கேட்ட பாட்டு

மகள் இரண்டு ஹெட்போன் வாங்கியிருந்தாள். சாயங்காலத்துக்குள் ஒன்றைத் திருப்பியனுப்ப வேண்டும். எது நல்லது என்று சொல்ல வேண்டியவன், வீட்டின் இசைமேதையான நான். நாதஸ்வரம், மெலடி, குத்துப்பாட்டு எல்லாம் கேட்டேன். இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. குத்துப்பாட்டில் கன்னம் அதிர்ந்தபோதுதான் சிங்காநல்லூர் கடை ஞாபகம் வந்தது.

சின்ன வயதில் என்னைக் கூட்டிக்கொண்டு அங்கே டேப்ரெக்கார்டர் வாங்கப்போன அப்பா, பாடுகிற ஸ்பீக்கர்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"ஏனுங்க, காதுல கேளுங்க," என்றார் கடைக்காரர்.

"காதை மில்லுச் சத்தத்துக்குக் குடுத்துப்போட்டனுங்க. இனி கைதான் சொல்லோணும்."

நானும் ஒவ்வொரு பெட்டியிலும் கை வைத்தேன். சாமிப்பாட்டுக்குக் கை கூசியது, ஒரு பெட்டியில் குத்துப்பாட்டு தவளையாகத் துள்ளியது. "இதுதானுங்கப்பா!" என்று குதித்தேன். அப்பா அதையே தூக்கிக்கொண்டார்.

இப்போது இரண்டு ஹெட்போனையும் மாற்றி மாற்றி உள்ளங்கைகளுக்குள் பொத்தினேன்.

"அப்பா, அது காதுல மாட்டறதுங்க!" என்றாள் மகள்.

"இரு அம்மணி... இதுல தவள துள்ளுது! இதையே வெச்சுக்க!"