புழு இருந்த வீடு

ஈரத் தழையும் புழுவின் எச்சமும் ஒன்றாகப் புழுங்கி எழும் ஒரு நாற்றம் உண்டு. மூக்கில் ஏறினால் அது நாக்கின் அடிவரைக்கும் இறங்கிவிடும், அதன்பிறகு வாயில் எதை வைத்தாலும் அதே ருசிதான். பட்டுப்புழு வளர்த்த வீட்டில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்கு விளக்கவும் முடியாது. புழு தழை தின்னும் சத்தம் மழை பெய்வதுபோல இருக்கும் என்று எங்கள் பக்கத்தில் சிலாகித்துச் சொல்வார்கள். எனக்கு அது, வாயை மூடாமல் தின்கிற ஒரு கூட்டத்தோடு ஒரே வீட்டில் படுத்திருப்பதுபோல இருந்தது. இப்போதும் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் அப்பளத்தை நொறுக்கினால் என் சாப்பாடு அத்தோடு முடிந்தது.

எங்கள் ஊர், ஏரியூரிலிருந்து உள்ளே தள்ளிப் போகும் ஒரு சின்ன ஊர். வீட்டில் அப்பா, அம்மா, நான், மூன்றே பேர். இருந்த இரண்டு அறைகளில் பெரியது புழுவுக்கு, சின்னது அடுப்புக்கு; அடுப்பைச் சுற்றி மிச்சமிருந்த இடம் எங்களுக்கு. புழு வந்து இறங்கிய நாளிலிருந்து அவை கூடு கட்டி முடிக்கும்வரை வீட்டில் அவை வைத்ததுதான் சட்டம். தாளிக்கக் கூடாது, கறி ஆக்கக் கூடாது, கொசுவத்தி கொளுத்தக் கூடாது, தலைக்கு வாசனை எண்ணெய் வைக்கக் கூடாது, எல்லாவற்றுக்கும் மேலாகப் பவுடர் கூடவே கூடாது. மாதவிலக்கு நாட்களில் அம்மா "தூரம்" என்று சொல்லிக்கொண்டு ஆட்டுக் கொட்டகை ஓரமாகச் சாக்கு விரித்துப் படுத்துக்கொள்வாள். அம்மா பட்டால் புழு செத்துவிடுமாம். தாங்கியில் அடுக்கிய மூங்கில் தட்டுகளிலிருந்து தவறி விழும் புழுக்கள் அடுப்பங்கரை வரைக்கும் ஊர்ந்து வரும். வெறுங்காலில் ஒன்றை மிதித்து, விரலிடுக்கில் பச்சையும் வெள்ளையுமாகப் பிதுங்கியதை நான் எத்தனை முறை கழுவியும் அந்தக் கொழகொழப்பு காலை விட்டுப் போனதாகவே தோன்றியதில்லை. புழு தோலுரிக்கும் பருவத்தை எங்கள் பக்கத்தில் "ஜுரம்" என்பார்கள். புழுவுக்கு ஜுரம் என்றால் வீட்டில் யாரும் சத்தமாகப் பேச மாட்டார்கள். எனக்கு ஜுரம் வந்தால் ஒரு மாத்திரையைக் கொடுத்துத் தழை பறிக்க அனுப்பினார்கள்.

அருவருப்பாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லவும் வழியில்லை, ஏனென்றால் வீட்டுச் செலவு மொத்தமும் அந்தப் புழுக்களின் முதுகில்தான் இருந்தது. என்ன கேட்டாலும் அப்பாவிடம் ஒரே பதில்தான்: "கூடு போவட்டும்." பட்டுக்கூடு தருமபுரிச் சந்தைக்குப் போய் விலையாகட்டும் என்று அர்த்தம். எனக்குச் செருப்பு அறுந்துபோனால் கூடு போவட்டும், கூரை ஒழுகினால் கூடு போவட்டும், அம்மாவின் கடைவாய்ப் பல் வீங்கிக் கன்னம் ஒருபக்கமாகத் தொங்கியபோதும் கூடு போவட்டும். கூடு போகும், அப்பா சந்தையிலிருந்து ஒரு பொட்டலம் மிக்சரோடு திரும்பி வருவார், பழைய கடை பாக்கியெல்லாம் அடைந்துவிட்டது என்பார், அம்மாவின் பல் அடுத்த கூட்டுக்காகக் காத்திருக்கும்.

பள்ளிக்கூடத்தில் என்னிடம் "புழு வாசம்" அடிக்கிறது என்று சொல்லிப் பெஞ்சில் ஒரு ஆள் இடம் விட்டு உட்காருவார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை, எனக்கே அடித்தது. அதனால்தான் எட்டாம் வகுப்பில் ஆண்டு விழா நடனத்துக்கு டீச்சர் என்னைச் சேர்த்து, தாளம் தப்பாமல் ஆடுகிறேன் என்று முன்வரிசையிலும் நிறுத்தியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆடுவதைவிட, அன்று எல்லோரையும்போல எனக்கும் பவுடர் பூசுவார்கள், ஒரு மத்தியானமாவது நான் வேறு வாசனையோடு இருப்பேன் என்பதுதான் ஆசை. அம்மாவிடம் கெஞ்சி, அம்மா அப்பாவிடம் கெஞ்சி, "ஆடிட்டு வாசலோட நின்னுக்கணும்" என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது.

இங்கே அப்பாவின் புகையிலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். புகையிலை புழுவுக்கு விஷம் என்று எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். புகையிலை தொட்ட கையால் தழை போட்டாலே போதும், புழு தலையைத் தூக்கிப் பச்சையாகக் கக்கிச் சுருண்டுவிடும். அதனால் புழு வந்து இறங்குகிற அன்று, மெல்லும் பழக்கமுள்ளவர்கள் அதை விடுவதாகச் சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்திச் சொல்வது வழக்கம். அப்பா அதை அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு செய்வார். "புழு வூட்ட வுட்டுப் போறவரைக்கும் இத வாயில வெக்க மாட்டனுங்க" என்று பொட்டலத்தை அம்மா கையில் கொடுத்துவிடுவார். பெரிய கட்டுப்பாடான மனுஷன் என்று ஊரில் பெயர். ஆனால் கொல்லையில் தனியாக நிற்கும்போது அவர் தாடை அசைவதை நான் பார்த்திருக்கிறேன். தோளில் கிடந்த துண்டின் முனையில் ஒரு சின்ன முடிச்சு எப்போதும் இருந்தது. அம்மாவும் அதைப் பார்த்திருப்பாள், துவைப்பவள் அவள்தானே.

ஆண்டு விழா அன்று புழுக்கள் கடைசி ஜுரம் முடிந்து அகோரப் பசியில் இருந்தன. காலையில் அம்மா பறித்த தழை வாசல் பக்கத்துத் தட்டுகளுக்குப் போனது. மத்தியான வெயிலில் பறித்த தழை வாடிவிடக் கூடாது என்று, அப்பா தன் துண்டையே தண்ணீரில் நனைத்துத் தழைக்கட்டின்மேல் போர்த்திக் கொண்டுவந்து, சுவரோரத் தட்டுகளுக்குப் போட்டிருக்கிறார். அந்த நேரத்தில் நான் மேடையில் ஆடிக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் ஆடினேன். பெஞ்சில் இடம் விட்டு உட்காரும் பெண்ணின் கையைக் கோத்துக்கொண்டு சுற்றி வந்தேன், அவள் முகத்தைச் சுளிக்கவில்லை.

பொழுது சாய வீட்டுக்கு வந்தபோது, "அங்கியே நில்லு புள்ள" என்று அம்மா வாசலிலேயே நிறுத்தினாள். துவைக்கிற கல்லில் உட்காரவைத்து, பாத்திரம் விளக்கும் தேங்காய் நாரால் என் கன்னத்தைத் தேய்த்தாள். ஆட்டத் துணியைக் கழற்றிப் பையில் சுற்றி வேப்ப மரத்தில் தொங்கவிட்டாள். அன்று நான் ஆட்டுக் கொட்டகை ஓரமாகத்தான் படுத்தேன். விடியும்வரை வாசற்படியைத் தாண்டவில்லை.

விடிந்தபோது சுவரோரத் தட்டுகளில் புழுக்கள் தலையைத் தூக்கிக்கொண்டு கிடந்தன. வாயிலிருந்து பச்சை நீர் வடிந்து தட்டுக்குத் தட்டு சொட்டிக்கொண்டிருந்தது. வாசல் பக்கத்துப் புழுக்களோ எதுவும் நடக்காததுபோலத் தின்றுகொண்டிருந்தன. அம்மா ஒரு தட்டின்மேல் குனிந்து தழைகளுக்கு நடுவிலிருந்து பழுப்பாக எதையோ பொறுக்கினாள். கொடியில் காய்ந்த துண்டைப் பார்த்தாள். பிறகு கதவோரம் நின்ற என்னைப் பார்த்தாள். பொறுக்கியதை இடுப்புச் சேலைக்குள் செருகிக்கொண்டாள்.

"எவ பவுடரு பூசிட்டு வந்தாளோ அவளப் போய்க் கேளு" என்றார் அப்பா.

"நான் அப்பவே சொன்னேன், ஆட்டமும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு" என்றாள் அம்மா.

செத்த புழுக்களைக் கூடையில் அள்ளிக் குழியில் கொட்டும் வேலை எனக்கு. கூடையில் தங்கியதைக் கையால் வழித்துப் போட வேண்டியிருந்தது. விரல் பட்டதும் உடைந்தன. அன்று எனக்குக் குமட்டியதற்குப் புழு பாதிக் காரணம்தான். அதன்பிறகு பள்ளி முடியும்வரை எந்த மேடையிலும் என்னை ஏற விடவில்லை. ஊரிலும் நான் பவுடரால் புழுவைக் கொன்ற பெண் ஆனேன். புழு இருந்த வீடுகளில் என்னைக் கண்டால் கதவை ஒருக்களித்துச் சாத்தினார்கள்.

இன்று அந்த வீட்டில் புழு இல்லை. தழை பறித்த பட்டுச்செடியைப் பிடுங்கிவிட்டார்கள், தட்டும் தாங்கியும் எங்கோ போயின, புழு இருந்த அறையில் சோபாவும் டிவியும் இருக்கின்றன. இன்னும் வளர்ப்பவர்கள் கொல்லையில் தனிக் கொட்டகை கட்டி வளர்க்கிறார்கள். அடுப்பங்கரையில் மனிதரும் நல்ல அறையில் புழுவுமாகக் கிடந்த வாழ்க்கை எங்கள் ஊரில் ஒழிந்துவிட்டது. "அதெல்லாம் ஒரு காலம்" என்று உறவுக்காரர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். ஒழிந்தது நல்லது என்பதைத் தவிர எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

போன மாதம் என் மகளின் பள்ளி ஆண்டு விழா முடிந்து, ஆடிய வேஷத்தோடே அவளைத் தருமபுரியிலிருந்து ஊருக்கு அழைத்துப் போனேன், அம்மா பார்க்க வேண்டும் என்றாள். பேத்தியைக் கண்டதும் அப்பா சோபாவில் சாய்ந்தபடி அவருக்குப் பிடித்த கதையை ஆரம்பித்தார்: "உங்கம்மாளும் இப்பிடித்தான் பூசிட்டு வந்தா. ஒரு வூட்டுப் புழுவ மொத்தமாச் சாவடிச்சா." சிரித்துச் சிரித்து இருமினார். வாசற்படியில் கால் வைத்த மகள் அப்படியே நின்றாள். பிறகு புறங்கையால் கன்னத்தைத் துடைக்க ஆரம்பித்தாள்.

அடுப்பங்கரையிலிருந்து வந்த அம்மா அதைப் பார்த்துவிட்டாள். "பவுடரு இல்லீங்க. உங்க துண்டு முடிச்சுல இருந்த பொகயிலதான். நாந்தான் பொறுக்கி மறச்சேன்" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. அப்பாவின் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்தேன். எப்படியும் போகவில்லை.

"அது எனக்கு அன்னிக்கே தெரியுமே" என்றார் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஊருக்கு ஏதாச்சும் ஒண்ணு சொல்லணுமில்ல."

அந்தப் பழைய நாற்றம் நாக்கின் அடியில் ஏறி நின்றது. அம்மா கொண்டுவந்து வைத்த டீயை என்னால் தொட முடியவில்லை. மகளின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துவந்து, புழு இருந்த அறையின் நடுவில் உட்காரவைத்து, அவள் பையிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்து அழிந்த கன்னத்தில் மறுபடியும் பூசிவிட்டேன். அப்பா தும்மினார். இன்னும் கொஞ்சம் பூசினேன்.